லாட்டி ஃபைல் 900 கேபி வருது, எப்படி குறைக்கறது?

சுங்கைசிப்புட்_தங்கச்சி:
வணக்கம் அண்ணே, அக்கா. எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க (மரப்பட்டைய கீறி பால் எடுக்கற வேலை), அத வச்சு ஆப்ல ஓடற குட்டி குட்டி லாட்டி அனிமேஷன் (படமா இல்லாம கோடும் எண்ணுமா எழுதி வைக்கற ஃபைல்) பத்து செஞ்சு ஆன்லைன்ல விக்கலாம்னு ஆறு மாசமா உக்காந்திருக்கேன். உளி மரத்துல இறங்கும், பால் வழிஞ்சு மங்குல, அதான் பால் பிடிக்கற கிண்ணத்துல, சொட்டும், அவ்ளோதான் லூப். இல்லஸ்ட்ரேட்டர்ல வரைஞ்சு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல அசைச்சு பாடிமூவின்ங்கற பிளகின்ல லாட்டியா எக்ஸ்போர்ட் பண்ணா வர்ற ஜேசன் ஃபைல் 900 கேபி, போன்ல தொறந்தா மங்குக்கு கீழ போட்ட நிழலே காணோம். ஒரு மார்க்கெட்பிளேஸ்ல ஏத்துனேன், காரணம் சொல்லாம திருப்பிட்டாங்க, மனசே விட்டுப்போச்சு.

ஈப்போ_அண்ணன்:
மனச விடாதீங்க தங்கச்சி. இல்லஸ்ட்ரேட்டர் லேயர ஷேப் லேயரா மாத்துனீங்களா? மாத்தலன்னா அது படமா உள்ள போயிடும், கோடா எழுதற வெக்டரே இல்ல அப்புறம். அடுத்தது பால் வழியறது, அத பாத் கீஃப்ரேம்ல (கோட்டோட வடிவத்த கட்டம் கட்டமா குறிக்கறது) உருமாத்தியிருந்தா ஒவ்வொரு கீஃப்ரேமுக்கும் அந்த வளைவோட எல்லா புள்ளியும் திரும்ப எழுதப்படும், ஃபைல் வீங்காம என்ன செய்யும். ஒரே கோடு வரைஞ்சு, அதுல எவ்ளோ தூரம் தெரியணும்னு வைக்கற ட்ரிம் பாத் போடுங்க, ஒன்னு ரெண்டு எண்ணுதான் மாறும், பால் தானா வழியும். சொட்டுக்கு ஒரு வட்டம், பொசிஷனும் ஸ்கேலும் போதும். நிழலுக்கு போடற ட்ராப் ஷேடோ எஃபெக்ட் எல்லா பிளேயர்லயும் ஓடாது, கறுப்பு ஓவல் ஒன்ன ஒபாசிட்டி குறைச்சு வைங்க. கடைசியா டாட்லாட்டியா சேவ் பண்ணுங்க, அதே ஜேசன சிப் பண்ணி சுருக்கித் தரும்.

கூலிம்_அக்கா:
ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு மாசாமாசம் காசு கட்ட கஷ்டமா இருந்தா கிளாக்ஸ்நிமேட்ங்கற சாஃப்ட்வேர் இலவசம்மா, லாட்டியாவே எக்ஸ்போர்ட் ஆகும். நான் ஐகான்ஸ்கௌட்ங்கற மார்க்கெட்பிளேஸ்ல விக்கறேன். வாங்கறவங்க பெரும்பாலும் ஆப் செய்றவங்க, அவங்களுக்கு கதை வேணாம், லோடிங், சக்சஸ், எரர், காலி பக்கம் இதுதான் வேணும். உன்கிட்ட எல்லாமே இருக்கு லா! மங்கு நிறையறது லோடிங், நிறைஞ்ச மங்கு சக்சஸ், வெறும் மங்கு காலி பக்கம், மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாதுல்ல, அது எரர். தேடற வார்த்தைய இங்கிலீஷ்லயே போடு, மங்குன்னு யாரும் தேட மாட்டாங்க. இன்னொன்னு, 2017ல ஏர்பிஎன்பி கம்பெனி இத வெளியிட்டப்ப லாட்டின்னு பேர் வச்சதே காகிதத்த வெட்டி நிழல் படம் எடுத்த ஜெர்மன்காரங்க லாட்டே ரைனிகர் நினைவாதான். நம்ம ஊர் தோல்பாவை நிழல்கூத்து வாயாங் கூலிட் மாதிரி. பாட்டியையும் அப்படி கறுப்பு உருவமா வரைஞ்சு பாரேன், புள்ளிகளும் குறையும்.

சுங்கைசிப்புட்_தங்கச்சி:
அண்ணே, 900 இப்ப 41 கேபி! லேயர்தான் படமா போயிருந்துச்சு. அக்கா, மழை ராத்திரியே வரைய ஆரம்பிச்சிட்டேன், பாட்டி மங்க கவுத்து வச்சிட்டு திண்ணையில உக்காந்திருக்காங்க.