உடம்பைப் பார்த்தே வேலை இல்லை என்கிறார்கள், கேட்க வழி உண்டா?

கோவைப்பெண்:
போன வாரம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன். நாலு வருட அனுபவம் இருக்கிறது. கைப்பிடி வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள், அதற்குள் நான் இடித்துக்கொண்டு உட்கார்ந்து முடிக்கும்வரை மூன்று பேரும் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புக்கிங் சாஃப்ட்வேர் தெரியுமா, இந்தி பேசுவேனா, எதுவும் கேட்கவில்லை. "எட்டு மணி நேரம் நிற்க முடியுமா? யூனிஃபார்ம் உங்கள் சைஸில் இருக்காதே" என்பதுதான் பேச்சு. இப்போதும் நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறேன் என்றேன், காதில் வாங்கவே இல்லை. அப்புறம் வழக்கம்போல "சொல்லி அனுப்புகிறோம்". இதற்குச் சட்டத்தில் எதுவும் இல்லையா?

பழைய எச்ஆர்:
பதினோரு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். மார்க் போடும் தாளில் 'தோற்றம்' என்று ஒரு கட்டம் இருக்கும். குண்டு என்று யாரும் எழுத மாட்டார்கள், அதில் 10க்கு 3 போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், அது தப்பு.

சட்டம் படித்தவன்:
தங்கச்சி, எடையைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் 15, 16 பிரிவுகளில் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் எல்லாம் வருகிறது, எடை வரவில்லை. அரசு வேலைக்கான 16ஆம் பிரிவு தனியார் ஹோட்டலுக்குப் பொருந்தவும் செய்யாது. 2008இல் விமானப் பணிப்பெண்கள் எடை விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள், 2009 ஜனவரியில் ஏர் இந்தியா எடை கூடுதல் என்று 10 பேரை வேலையை விட்டே நீக்கியது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976லேயே எடையைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது, நியூயார்க் நகரத்தில் 2023 நவம்பரில் இருந்து உண்டு.

ராஜாமணி:
விமானத்தில் வழி குறுகல், அவசரத்துக்கு ஓட வேண்டும், அங்கே விதி வைப்பதில் நியாயம் இருக்கிறதே?

பழைய எச்ஆர்:
சரி சார், அப்படியென்றால் ஓடச் சொல்லிப் பார்க்கட்டும். எடை மெஷின் முள்ளை வைத்து ஓட்டத்தை எப்படி அளப்பது? அதோடு ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் நிற்பவருக்கு எங்கே ஓட்டம்? கோவைப்பெண், எந்தத் தகுதி குறைந்தது என்று அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். எழுத்தில் கேட்டால்தான் கொஞ்சமாவது யோசிப்பார்கள்.

கோவைப்பெண்:
இன்று காலை அனுப்பிவிட்டேன் அண்ணா. நிற்கும் வேலை, யூனிஃபார்ம் என்று அவர்கள் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.