மறு: அபட்மெண்டுக்குத் தமிழ்ச்சொல் – 'தாங்குதறி' சரிவருமா?

அன்பர்களே,

மும்பை சயானில் எங்கள் பல் மருத்துவமனைக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் 'அபட்மெண்ட்', அதாவது தாடையில் பதித்த திருகுக்கும் அதன்மேல் வரும் செயற்கைப் பல்லுக்கும் நடுவே நிற்கும் துண்டு, என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். தாராவியிலிருந்து வருகிறவர்கள் மராத்திப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என்ன வைக்கப் போறீங்க?" என்று வெளியே வந்து கேட்கிறார்கள்.

> 'இடைத்தாங்கி'யில் என்ன குறை?

இடுப்புவலிக்குக் கட்டும் பட்டை என்று படிப்பார்கள்.

> 'பல்முளை' எளிது.

எளிதுதான். ஆனால் எங்கள் தொழிலில் முளை என்றால் பல் முளைப்பது. தாடையெலும்புக்குள் டைட்டானியம் திருகு, மேலே செயற்கைப் பல். நடுவே ஈறைத் தாண்டி நிற்கும் துண்டுக்குத்தான் பெயர் வேண்டும்.

எனக்குக் கட்டுத்தறியின் 'தறி' பிடித்திருக்கிறது. பெங்களூரு அம்மையார் சொன்ன 'பல்தறி' புணர்ந்தால் 'பற்றறி'; பேட்டரியைப் 'பற்றரி' என்று எழுதும் ஈழத்தவர் குழம்புவார்கள். 'தாங்குதறி' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் 'பல் பாலத்தை'த் தாங்கும் இயற்கைப் பல்லுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அது 'தாங்குபல்', இது 'தாங்குதறி'. தறி பிறந்தது தறித்தலிலா (வெட்டுதல்), தரித்தலிலா (தாங்குதல்) என்ற வழக்கை நிறுத்தலாமே. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' (சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது) என்று தொல்காப்பியரே உரியியலில் சொல்லிவிட்டார்.

அப்புறம், அந்தத் துண்டைச் செய்யும் செராமிக். அதற்குத் தில்லி ஐயா சொன்ன 'வெண்சுடுமம்' அழகான சொல். ஆனால் ரசீதில் சிர்க்கோனியா (நாங்கள் பயன்படுத்தும் வெண்ணிற செராமிக்) என்றிருக்கும்போது கையேட்டில் வேறொன்று இருந்தால், எதற்குப் பணம் கட்டினோம் என்று நோயாளிக்குத் தெரியாது. பீங்கான் என்றால் உடையுமோ என்று பயப்படுகிறார்கள்.

பெயருக்கு முன்னால் 'வார்த்த' என்ற அடைமொழி கூடவே கூடாது, இது வார்ப்பதல்ல. ஈறின் வளைவை ஸ்கேன் எடுத்து, சுண்ணாம்புக்கட்டி போல மெத்தென்றிருக்கும் சிர்க்கோனியாவை இயந்திரத்தில் கடைகிறார்கள். சூளையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் பெரிதாகவே கடைவார்கள். கடையில் ஆயத்தமாக விற்கும் துண்டு பெரும்பாலும் வட்டம். பல்லின் கழுத்து வட்டமில்லை. அளவுக்குக் கடைந்தால் பல்லின் விளிம்பை ஈறின் ஓரத்தை ஒட்டியே வைக்கலாம், ஒட்டும் சிமெண்ட் ஆழத்தில் தங்கிப் புண்ணாக்காது. மெல்லிய ஈறுள்ள முன்பல்லில் டைட்டானியத்தின் சாம்பல் நிறமும் தெரியாது. ஆகவே: 'அளவெடுத்துக் கடைந்த சிர்க்கோனியாத் தாங்குதறி'. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது.

பெரும்பாலோர் "சரி, போகட்டும்" என்றுவிட்டீர்கள். வியாழன் இரவுவரை திருத்தலாம்.

---

தில்லியிலிருந்து:

சேலத்துக்காரனுக்குத் தறி என்றால் நெசவுதான், ஐயா. 'தாங்குகுற்றி' (குற்றி என்றால் குட்டையான கட்டை) என்று வையுங்கள். சிர்க்கோனியாவை ஒத்துக்கொள்கிறேன், தறியை ஒத்துக்கொள்ளவில்லை. பதிந்துகொள்ளுங்கள்.