கைதிக்கு எதுக்குய்யா ஃபேன்?

கறார் கந்தசாமி: பக்கத்து இழையில ஒரு மேதாவி "ஜெயில் பாரக்ல, அதாவது கைதிங்களைக் கூட்டமா பூட்டி வைக்கற கூடத்துல, ஃபேன் அடிப்படைத் தேவை"ன்னு எழுதியிருக்கார். 2018ல புழல் ஜெயிலுக்குள்ள எடுத்த போட்டோக்கள் வந்து சந்தி சிரிச்சுதே, மெத்தை, டிவி சகிதமா, அதெல்லாம் மறந்துபோச்சா? ஜெயில்னா புழுங்கத்தான் செய்யும். புழுங்கட்டும்.

சட்டப்புள்ளி: மேதாவி நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். மெத்தை மேல கோபம்னா 1983 தமிழ்நாடு சிறை விதிகள்ல இருக்கற, சிலருக்கு மட்டும் கூடுதல் வசதி தர்ற 'ஏ' வகுப்போட சண்டை போடுங்க. நான் சொன்னது சாதா பாரக். மாநிலங்களுக்கு மத்திய அரசு குடுத்த மாதிரிச் சிறைக் கையேட்டுக் கணக்கு ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் தரை, 15.83 கன மீட்டர் காத்து. வகுத்தா கூரை 14 அடி உயரம் வரணும். 2022ல நாடு முழுக்கச் சிறைகள் 131.4 சதவீதம் நிரம்பிக் கிடந்துச்சு. அப்போ அந்த 3.71 வெறும் 2.82. சாயங்காலம் பூட்டினா விடிஞ்சுதான் திறப்பாங்க. பகல்ல காஞ்ச கான்கிரீட் கூரை ராத்திரி பூரா சூட்டை உள்ள இறக்கும்.

கறார் கந்தசாமி: நாடு முழுக்கன்னு எதுக்குச் சுத்தறீங்க? தமிழ்நாட்டுல கைதிங்க கொள்ளளவுக்குக் கீழதான். இடம் இருக்கு, காத்தும் இருக்கு. ஃபேன் எதுக்கு?

சட்டப்புள்ளி: அது மொத்தக் கணக்கு சார். கிளைச் சிறையில நாலு அறை காலியா கிடந்தா மத்திய சிறை பாரக்ல காத்து வந்துடுமா? அப்புறம், 'தண்டனை'ங்கற நினைப்புல பேசறீங்க. 2022ல உள்ள இருந்தவங்கள்ல 75.8 சதவீதம் விசாரணைக் கைதி. தீர்ப்பே வரல. அவங்க படுக்கை, துணி, சாப்பாடு வெளியிலேருந்து வாங்கிக்கலாம்னு 1894 சிறைச் சட்டம் 31ஆம் பிரிவு சொல்லுது. எழுதினவன் வெள்ளைக்காரன். உங்களைவிடத் தாராளம்.

மின்வாரியத்தான்: மாட்டற வேலையைப் பத்தி ரெண்டு பேரும் பேசல. சீலிங் ஃபேன் கொக்கி சிறையில உயிருக்கு ஆபத்து. சுவத்துல 9 அடிக்கு மேல, இரும்பு வலைக்கூண்டுக்குள்ள வைக்கணும். வயர் சுவருக்குள்ள, சுவிட்ச் வராந்தாவுல வார்டர் பக்கம். வலைக்கண்ணி பெருசா இருந்தா குச்சி விட்டு இறக்கையை உடைச்சுத் தகட்டைத் தீட்டிடுவாங்க. ரொம்பச் சின்னதுன்னா தூசி அடைச்சுக் காத்தே வராது.

கறார் கந்தசாமி: ஆபத்துன்னு அவரே சொல்லிட்டார். ஃபேன் வேண்டாம்.

மின்வாரியத்தான்: யோவ், நான் அப்படியா சொன்னேன்? இன்வெர்ட்டர் இழையிலயும் இப்படித்தான் பாதி வரியை வெட்டி ஒட்டினீங்க.

வார்டு அக்கா: ஃபேனை விடுங்க, பாரக்ல பரவற சிரங்கைப் பாருங்க. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம், கழுத்துலேருந்து பாதம் வரைக்கும், பாரக் மொத்தத்துக்கும் ஒரே ராத்திரி. காலையில துணி, போர்வை எல்லாம் வெந்நீர்ல. ஒரு வாரம் கழிச்சு மறுபடி. கோர்ட்டுக்குப் போன ஒருத்தன் விட்டுப்போனாலும் திரும்ப முதல்லேருந்து.

சட்டப்புள்ளி: ஃபேன் இருந்தா சிரங்கும் குறையும்.

வார்டு அக்கா: குறையாது. அது தொட்டுப் பரவறது. காத்தோட்டம் காசநோய்க்குத்தான் உதவும். எல்லாத்தையும் உங்க ஃபேன்லயே கட்டாதீங்க தம்பி.

சட்டப்புள்ளி: காசநோய்க்குக் காத்தோட்டம் வேணும்னு ஒத்துக்கிட்டீங்கல்ல? அதைத்தான் கத்தறேன். அப்புறம், தம்பி எல்லாம் வேண்டாம்.

கறார் கந்தசாமி: அடுத்து ஆளுக்கு 135 லிட்டர் தண்ணின்னு அதே கையேட்டைத் தூக்கிட்டு வருவார் பாருங்க. வியாசர்பாடியில குடத்தோட நிக்கறவனுக்கு யார் குடுத்தா 135?

சட்டப்புள்ளி: பாதாளச் சாக்கடை இருக்கற ஊருக்குக் குடிநீர்த் திட்டம் போடற அளவும் அதே 135தான். வரலன்னா வாரியத்தைக் கேளுங்க. கைதி வாளியைப் பிடுங்கி அவன் குடம் ரொம்பாது.

கறார் கந்தசாமி: வாரியத்தான் இங்கதானே இருக்கார், பதில் சொல்லட்டும்.

மின்வாரியத்தான்: அது குடிநீர் வாரியம்யா!