மூன்று வயலின், ஒரு செல்லோ இருக்கிறது: வயோலாவை யார் எடுப்பது?

புதுவில்:
ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு) தொடங்கியிருக்கிறோம். வயலின் மூன்று பேர், செல்லோ ஒருவர். வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஸ்ருதி கொண்ட வயோலாவுக்கு ஆள் இல்லாததால் அந்தப் பகுதியை மூன்றாவது வயலினுக்கு மாற்றி எழுதி வாசிக்கிறோம். மூவரில் சுமாராக வாசிப்பவரை வயோலாவுக்கு அனுப்பிவிடலாமா? வயலினிலேயே வயோலா தந்தியைக் கட்டினால் போதாதா? இன்னொன்று, எல்லோரும் டியூனர் பார்த்துத்தான் சேர்க்கிறோம். ஆனாலும் நீண்ட கார்டுகளில் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடங்களில்) ஸ்ருதி உரசுகிறது. ஏன்?

நடுத்தந்தி:
சுமாராக வாசிப்பவரை மட்டும் அனுப்பாதீர்கள். கார்டின் காந்தாரம் பல இடங்களில் வயோலா கையில்தான் இருக்கும். அது கொஞ்சம் நகர்ந்தாலும் மற்ற மூவரும் சேர்ந்து தப்பாகக் கேட்பார்கள். இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஓப்பஸ் 96 (அதாவது படைப்பு எண் 96, 1893) குவார்டெட்டில் முதல் மெட்டையே வயோலாதான் எடுத்துக் கொடுக்கிறது.

வயலினில் வயோலா தந்தி கட்டுவது வேண்டாம். வயலின் உடல் சுமார் 35.5 செ.மீ., வயோலா பெரும்பாலும் 38 முதல் 43 வரை. வயோலாவின் ஸ்ருதிக்கு அந்த நீளமே உண்மையில் போதாது, 53 செ.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன உடலில் கட்டினால் மிகத் தாழ்ந்த சி தந்தி தொளதொளவென்று கிடக்கும். வாங்கும்போது வாசிக்கும் நிலையில் பிடித்து, இடது உள்ளங்கையால் தலைச்சுருளைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். முழங்கை லேசாக மடங்கியிருந்தால் அளவு சரி. கை விறைத்து நீண்டால் ஒரு அளவு குறையுங்கள்.

வயோலா படிக்கும் ஆல்ட்டோ கிளெஃபுக்கு (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி) ஒரு குறுக்குவழி: வயலினின் ட்ரெபிள் கிளெஃப் என்றே நினைத்து, வயலினில் மூன்றாம் பொசிஷனில் (இடது கை தந்தியில் நிற்கும் இடம்) எந்த விரல் எத்தனையாவது தந்தியில் விழுமோ அதையே வயோலாவின் முதல் பொசிஷனில் வையுங்கள். நடுக்கோட்டுச் சுரத்துக்கு வயோலாவின் ஜி தந்தியில் மூன்றாம் விரல் விழும், அது நடு சி. ஆனால் ஷார்ப், ஃப்ளாட் வந்தாலோ கை மேலே ஏறினாலோ இந்த வழி காலை வாரிவிடும். முதல் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு கிளெஃபையே படியுங்கள்.

வலது கைதான் பெரிய மாற்றம். வயலின் வில் சுமார் 60 கிராம், வயோலா வில் 70. சி தந்தியில் வயலின் வேகத்தில் இழுத்தால் சுரம் பிடிக்காமல் விசிலடிக்கும், இல்லை தாமதமாகப் பேசும். வில்லை முதலில் தந்தியில் ஊன்றி, மயிர் கவ்விய பிறகு மெதுவாக இழுக்க வேண்டும்.

கீழ்சி:
ஸ்ருதி விஷயம். டியூனர் முள் காட்டுவது பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பிரித்த கணக்கு. அதில் சி-க்கு மேல் இ 400 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே 100 சென்ட்). காது கேட்கும் சுத்தமான அந்தர காந்தாரம் 386. அந்த 14 சென்ட்தான் உங்களுக்கு உரசுகிறது. ஏ-வை மட்டும் டியூனரில் எடுத்து, மீதியைக் காதால் சுத்த பஞ்சமமாகச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பஞ்சமமும் 2 சென்ட் அகலும். செல்லோவின் சி 6 சென்ட் இறங்கி, வயலினின் இ 2 சென்ட் ஏறி, இடைவெளி 408 ஆகிவிடும்.

அதனால் பஞ்சமங்களைத் துளி நெருக்கமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். சி மேஜர் கார்டில் இ வந்தால் விரல் வைக்காத திறந்த தந்தியைத் தொடாமல், ஏ தந்தியில் நான்காம் விரலால் எடுத்து 14 சென்ட் இறக்குங்கள். பயிற்சிக்கு: வைப்ரேட்டோ இல்லாமல், பாதிச் சத்தத்தில், செல்லோ மூலச்சுரத்தைப் பிடிக்கட்டும். அதன் மேல் பஞ்சமம் அசையாமல் நின்ற பிறகுதான் காந்தாரம் நுழைய வேண்டும். மூன்றும் ஒன்றாக நுழைந்தால் யார் தவறு என்று யாருக்கும் தெரியாது.

புதுவில்:
நன்றி, இ தந்தி விஷயம் அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் திறமையான இருவரையும் முதல் வயலினிலும் வயோலாவிலும் போட்டு, சுமாரானவருக்கு இரண்டாம் வயலின் தரலாமா?

நடுத்தந்தி:
நிரந்தரமாக வேண்டாம். எமர்சன் குவார்டெட்டில் வயலின்காரர்கள் இருவரும் முதலையும் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். நீங்களும் படைப்புக்குப் படைப்பு மாற்றுங்கள். இரண்டு வயலினும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்கும் இடங்களில், கீழே வாசிக்கும் இரண்டாம் வயலின் பெரிதாகவும் மேலே இருப்பவர் மெலிதாகவும் வாசித்தால்தான் ஸ்ருதி ஒட்டும். எடுத்தவுடன் பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான்.

உட்காரும்போது புது வயோலாக்காரரை ஓரத்தில் போடாதீர்கள். அங்கே வாத்தியத்தின் ஒலித்துளைகள் பின்பக்கம் பார்க்கும், சத்தம் கூடத்துக்குப் போகாது. செல்லோவை ஓரத்தில் வைத்து வயோலாவை உள்ளே இழுங்கள்.

கீழ்சி:
ஹைடனின் ஓப்பஸ் 20, இரண்டாம் எண் குவார்டெட்டை எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் முதல் வயலின் சும்மா இருக்கும், மெட்டு செல்லோவில், அடித்தளம் வயோலாவில். யார் மூச்செடுத்துத் தொடங்குவது என்பதை முதல் ரிஹர்சலிலேயே பேசியாக வேண்டும். மூச்சு சரியாக ஒரு பீட் நீளம் இருக்கட்டும். அவசரமாக மூச்சிழுத்துவிட்டு நிதானமாக வில்லைப் போட்டால் நால்வரும் நான்கு இடத்தில் இறங்குவார்கள்.