வானத்தில் மேகமே இல்லை, விமானம் ஏன் இப்படிக் குலுங்குகிறது?

கீழக்கரையான்:
போன வாரம் மதுரையிலிருந்து சென்னைக்கு மத்தியான விமானம். நல்ல வெயில், பொட்டு மேகம் கிடையாது, ஆனால் மேலே ஏறும்போதே தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து சீட்காரர் ‘காத்தே இல்லாத பள்ளம்’ என்றார். அப்படி ஒன்று உண்டா? பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள், மேலே அதைவிட பலமாக அடிக்குமாம், விமானம் மட்டும் எப்படித் தாங்கும்? உம்மாவை உம்ராவுக்கு அனுப்பப்போகிறோம், இதைக் கேட்டதிலிருந்து பயந்துபோய் இருக்கிறார்.

உச்சிப்புளி ராடார்:
பள்ளமெல்லாம் இல்லை அண்ணே, காற்று எல்லா இடத்திலும் இருக்கிறது. வெயிலில் பொட்டலும் கண்மாய்க்கரையும் ஒரே மாதிரி சூடாவதில்லை, சூடான இடத்தில் காற்று மேலே கிளம்பும், பக்கத்திலேயே கீழே இறங்கும், விமானம் இரண்டையும் மாறி மாறிக் கடக்கிறது. அதிகாலை விமானத்தில் இந்த ஆட்டம் ரொம்பக் குறைவு. பாலம் நின்ற இடத்தில் நின்று காற்றை வாங்குகிறது. விமானம் அந்தக் காற்றோடு சேர்ந்தே நகர்கிறது. அதனால் 100 கிலோமீட்டர் காற்று ஒரே சீராக அடித்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது, வேகமோ திசையோ சட்டென்று மாறும் இடத்தில்தான் குலுங்கும். ஆடி மாதம் நம் தலைக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடும், கீழே கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும். அந்த மேல்காற்றின் ஓரங்களில் மேகமே இல்லாமல் குலுங்கும். விமான ராடார் மழைத்துளியைத்தான் காட்டும், வெறும் காற்றைக் காட்டாது.

பாம்பன் வலைக்காரன்:
தம்பி, நீரோட்டம் இழுக்கும்போது பாலத்துத் தூணுக்குப் பின்னால் தண்ணீர் எப்படிச் சுழிக்கிறது என்று பார்த்திருப்பீங்க, அங்கே வள்ளம் தானாகத் திரும்பும். மலையைத் தாண்டி வரும் காற்றும் அதே கதைதானே?

உச்சிப்புளி ராடார்:
அதேதான் அண்ணாச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியதும் காற்று அலையாக ஏறி இறங்கும்.

தொண்டி பயணி:
உம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்க, இறக்கை முறியாது, பெல்ட் போடாமல் இருப்பதுதான் ஆபத்து. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியதில் ஒருவர் இறந்தார், நிறையப் பேருக்கு அடி. ஆனால் அது இறங்கியது 4.6 விநாடியில் 178 அடிதான், பெல்ட் போடாதவர்கள் மேலே எகிறி விழுந்தார்கள். தூங்கும்போதும் பெல்ட் இருக்கட்டும். அப்புறம், இறக்கைக்கு நேராக சீட் கேட்டுப் பாருங்க, வால் பக்கம் ஆட்டம் கூடுதல்.