சொந்த நேம்சர்வரை ரெஜிஸ்ட்ரார் ஏற்க மறுக்கிறது

கரிசல்காடு:
ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் மென்பொருளான பைண்டை நிறுவியிருக்கிறேன். என் டாட் காம் டொமைனுக்கு என்எஸ்1, என்எஸ்2 என்று அதே டொமைன் பெயரில் நேம்சர்வர் (டொமைன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்) வைக்க ஆசை. டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் ஸோன் ஃபைலில் இரண்டுக்கும் ஏ ரெக்கார்டு, அதாவது ஐபி முகவரி, எழுதியாயிற்று, சர்வரிடம் நேரடியாகக் கேட்டால் பதிலும் வருகிறது. ஆனால் டொமைன் வாங்கிய நிறுவனமான ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் போட்டால் ‘நேம்சர்வர் பதிவு செய்யப்படவில்லை’ என்கிறது. எங்கேதான் பதிவது?

பழைய_அட்மின்:
ஸோன் ஃபைலில் இருப்பது உங்கள் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே ஒருவர் உங்கள் டொமைனைத் தேடினால் கேள்வி முதலில் டாட் காம் சர்வர்களிடம் போகும், அவை ‘என்எஸ்1-இடம் கேள்’ என்று கைகாட்டும், அந்த என்எஸ்1-இன் ஐபி என்ன என்று பார்க்கப் போனால் மறுபடியும் உங்கள் டொமைனைத்தான் தேட வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதனால் ஐபியையும் மேலே, வெரிசைன் நடத்தும் டாட் காம் பதிவகத்திலேயே, ரெஜிஸ்ட்ரார் வழியாக எழுதி வைக்க வேண்டும். க்ளூ ரெக்கார்டு என்பது இதுதான்.

கன்ட்ரோல் பேனலில் சைல்ட் நேம்சர்வர், பிரைவேட் நேம்சர்வர் என்று ஆளுக்கொரு பெயரில் எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். ஹோஸ்ட் ரெக்கார்டு என்று பார்த்தால் மட்டும் கவனம், சிலர் சாதாரண டிஎன்எஸ் பதிவுகளையே அப்படிச் சொல்கிறார்கள். பெயரையும் ஐபியையும் அங்கே பதிந்த பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள், ஏற்கும்.

இரவுப்பணி:
பதிந்ததும், டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் டிக் கட்டளையில், டாட் காம் சர்வர்களில் ஒன்றான ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட்டிடம் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், பதிலின் அடிஷனல் பகுதியில் உங்கள் ஐபி வந்தால் வேலை முடிந்தது. ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறங்கள், டிசிபியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரே விபிஎஸ்ஸுக்கு இரண்டு பெயர் வைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? இரண்டாவது சர்வர் வேறு இடத்தில், வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997-லேயே இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 2182-இல் எழுதி வைத்துவிட்டார்கள். கற்றுக்கொள்ளத்தான் என்றால் செய்யுங்கள், கடை நடத்தும் தளம் என்றால் நான் இந்த வம்புக்கே போக மாட்டேன்.

கரிசல்காடு:
சைல்ட் நேம்சர்வர் என்றுதான் இருந்தது, பதிந்ததும் ஏற்றுக்கொண்டது, நன்றி அண்ணா. என்எஸ்2-க்கு வேறு ஊரில் ஒரு சின்ன விபிஎஸ் பார்க்கிறேன். இன்னொரு டாட் இன் டொமைனும் இருக்கிறது, அதற்கும் இதே மாதிரி பதிய வேண்டுமா?

பழைய_அட்மின்:
வேண்டாம். பெயர் எந்த டொமைனுக்குள் இருக்கிறதோ அங்கே மட்டும் ஐபி பதிந்தால் போதும், டாட் இன்னில் பெயர்களை மட்டும் போடுங்கள், ஆனால் டாட் இன்னுக்கான ஸோனையும் பைண்டில் சேர்த்திருக்க வேண்டும். அந்த டாட் காமைப் புதுப்பிக்க மறந்தால் இரண்டும் சேர்ந்தே விழும், ஆட்டோ ரினிவல் போட்டுவிடுங்கள். பின்னால் விபிஎஸ் மாற்றினால் ஸோன் ஃபைலோடு க்ளூவிலும் ஐபியை மாற்ற வேண்டும். டாட் காமில் அதன் டிடிஎல் (மற்ற சர்வர்கள் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 1,72,800 விநாடி, அதாவது 2 நாள், அதுவரை பழைய சர்வரை அணைக்காதீர்கள்.