தீபாவளி வேடிக்கை: இந்த முறை ஊதுபத்தி வேண்டாம், ரிமோட்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. இங்கிலாந்து மிட்லண்ட்ஸ் கூடுகைக்கு வீட்டோடு ஒட்டிய புல்வெளி ஒன்று கிடைத்திருப்பதால், இரவு வாணவேடிக்கையை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று பேசினோம். ரிமோட்டில் கொளுத்தலாம் என்று நான் சொன்னதும் டெர்பி அண்ணாச்சி, "சாத்தூர்ப் பக்கம் பிறந்துட்டு வெடிய பட்டன்ல போடுறதாடே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அண்ணாச்சி, நம்மை மாதிரி ஆட்களுக்குத்தான் ரிமோட் தேவை.

நமக்குக் கை பழகிவிட்டது. அதுதான் சிக்கல். ஊதுபத்தியை நீட்டுவோம், முகத்தைத் திருப்புவோம், பற்றியதும் நாலு எட்டு நகர்வோம். புஸ்வாணத்துக்கும் சங்குச் சக்கரத்துக்கும் அது போதும். 60 ஷாட், 120 ஷாட் பெட்டிக்குப் போதாது. ஈரத்தில் திரி பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் பெட்டிக்கு மேலே குனிந்து பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். முகத்தில் அடிபடுவது அந்தக் குனிதலில்தான். இருட்டில் ஒரு பெட்டி பறந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தேடிப் போவது இன்னொன்று. ரிமோட் வைத்தால் இந்த இரண்டும் இல்லை. வேலை முழுவதும் பகல் வெளிச்சத்தில் முடிந்துவிடும். இருட்டிய பிறகு திடலில் யாருமே இருக்க மாட்டார்கள்.

முதலில் என்ன வாங்கலாம் என்பது. பிரிட்டனில் பட்டாசுகளை ஆபத்தைப் பொறுத்து எஃப் 1 முதல் எஃப் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு எஃப் 3 வரைதான். எஃப் 4 தொழில்முறைக்காரர்களுக்கு மட்டும். ஒற்றை வெடி ரகங்களை 1997இலேயே நிறுத்திவிட்டார்கள், ஆகவே லட்சுமி வெடி, அணுகுண்டு ஆசையை விட்டுவிடுங்கள். சத்தத்தின் வரம்பு 120 டெசிபல். ஊரிலிருந்து ரெண்டு பெட்டி சூட்கேஸில் போட்டு எடுத்து வரட்டுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. விமானத்தில் கம்பி மத்தாப்புகூட ஏற்றக் கூடாது, கைப்பையிலும் சரி, சரக்கிலும் சரி. தபாலிலும் அனுப்பக் கூடாது. இங்கே தீபாவளியையும், இந்த நாட்டுக்காரர்கள் வாணம் விடும் நவம்பர் 5ஐயும் ஒட்டிக் கடைகளிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்தது தூரம். பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். எஃப் 2 என்றால் பார்ப்பவர்கள் குறைந்தது 8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எஃப் 3 என்றால் 25 மீட்டர். 25 மீட்டர் என்பது 80 அடிக்கு மேல். நம்மில் பாதிப் பேர் வீட்டுத் தோட்டத்தின் மொத்த நீளம்கூட அவ்வளவு வராது. ரிமோட் இருக்கிறதே, கொஞ்சம் நெருக்கி வைத்தால் என்ன என்று தோன்றும். பற்றவைப்பவர் தள்ளி நிற்கிறார் என்பதால் பெட்டி சாய்ந்தால் வரும் ஷாட் குறைந்த தூரம் போகாது. உங்கள் தோட்டம் சின்னதா, எஃப் 2 வாங்குங்கள், அதிலும் நல்ல நிறங்கள் இருக்கின்றன. எஃப் 3ஐ இந்தப் புல்வெளிக்கு வைத்துக்கொள்வோம்.

சாமான் பற்றி. விலை மலிவான செட்டில் கையில் பிடிக்கும் ரிமோட் ஒன்றும், திடலில் வைக்கும் சின்ன ரிசீவர் பெட்டிகளும் இருக்கும். ஒவ்வொரு ரிசீவரிலும் சில இணைப்பு வாய்கள், அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் கிளிப். கிளிப்புக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. மின்சாரம் போனதும் அது பழுத்துத் திரியைப் பற்றவைக்கும், அவ்வளவுதான். தொழில்முறைக்காரர்கள் பயன்படுத்தும் மருந்து தடவிய மின் தீக்குச்சி வேறு சமாசாரம், அது நமக்கு வேண்டாம். சாவி போட்டுத் திருப்பினால்தான் வேலை செய்யும் ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்பி பழுக்க நல்ல மின்னோட்டம் வேண்டும், பழைய பேட்டரி குளிரில் கைவிடும். பத்துப் பன்னிரண்டு இணைப்பு நமக்குத் தாராளம்.

கிளிப் மாட்டும் விதத்தில்தான் பாதி வெற்றி. பெட்டியின் திரிக்கு மேல் ஒரு காகித அல்லது பிளாஸ்டிக் உறை இருக்கும். அதை நீக்கினால் பச்சைத் திரி தெரியும். அந்தத் திரி கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி கிளிப்பைப் பிடிக்கவிட வேண்டும். ஓரமாகப் பிடித்தால் கம்பி பழுக்கும், திரி பற்றாது. பிறகு கிளிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒயரை மரப்பலகையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். யாராவது ஒயரில் கால் தடுக்கினாலும் இழுப்பு திரிக்குப் போகாது. பெட்டியில் மாற்றுத் திரி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ரெண்டு பெட்டித் திரிகளைச் சேர்த்துக் கட்டி ஒரே கிளிப்பில் விடுவது, திரியை நீட்டுவது, குழாயைப் பிரித்துப் பார்ப்பது எதுவும் கூடாது. நம்மில் சிலர் வீட்டில் திரி வெட்டியவர்கள், மருந்து அள்ளியவர்கள் உண்டு, செய்யத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்த கைகளை அந்தத் தொழில் என்ன செய்திருக்கிறது என்பதும் நம் ஊருக்குத் தெரியும்.

பெட்டிகளை நிறுத்துவது இன்னொரு கலை. நவம்பர் மாதத்துப் புல் சேறாகத்தான் இருக்கும். ஆகவே வெறும் தரையில் வைக்காமல் அகலமான பலகையில் வையுங்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்து, அதோடு சேர்த்துக் கட்டுங்கள். இருபதாவது ஷாட்டில் பெட்டி சாய்ந்தால் மிச்சம் நாற்பது ஷாட்டும் ஆட்களை நோக்கி வரும், அதை எந்த ரிமோட்டாலும் நிறுத்த முடியாது. விசிறி மாதிரி விரியும் ரகங்கள் இடது வலதாக விரியும்படி வைக்க வேண்டும், முன்பின்னாக வைக்கக் கூடாது. காற்று நம் பக்கமிருந்து திடலை நோக்கி அடிக்கும்படி உட்காரும் இடத்தைப் பாருங்கள். அன்றைக்குக் காற்று திரும்பினால் நாற்காலிகளைத் தூக்கி வேறு பக்கம் போட வேண்டியதுதான். பலமாக அடித்தால் நிகழ்ச்சியையே விட்டுவிடலாம்.

மழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சமையலறையில் பாத்திரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அதைப் பெட்டியின் மேல் ஒற்றைச் சுற்றாக இழுத்துச் சுற்றினால் போதும். ஷாட் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். நாலு சுற்று சுற்றினால் காரியம் கெடும். ரிசீவரைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஏரியல் மேலே இருக்கும்படி தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். ஈரப் புல்லில் கிடந்தால் சிக்னல் எட்டும் தூரம் குறையும்.

இப்போது வரிசை, இதை மட்டும் மாற்றாதீர்கள். ஒயர் மாட்டி முடிக்கும்வரை ரிமோட்டின் சாவி ஒரே ஒருவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், அவரும் திடலில் இருக்க வேண்டும். ரிசீவர்கள் எல்லாம் அணைந்திருக்கும்போதுதான் ஒயர் மாட்டுவது. மாட்டி முடித்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, ஒருவர் மட்டும் உள்ளே போய் ரிசீவர்களின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பெட்டிகளுக்கு மேலே குனியாமல் திரும்ப வேண்டும். இந்த மலிவு செட்டுகளில் பெரும்பாலானவை 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. கார்ச் சாவி, வாசல் மணி எல்லாம் அதே பக்கம்தான் பேசுகின்றன. செட்டுக்கென்று தனிக் குறியீடு இருக்கும், இருந்தாலும் நம் ஆள் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரிசீவரிலேயே விளக்கு உண்டு. தனி பேட்டரி, மீட்டர் கொண்டு சோதிக்கிற வேலை வேண்டாம்.

ஏதாவது ஒன்று பற்றவில்லை என்றால்? இன்னொரு முறை அழுத்துங்கள். அப்புறமும் இல்லையா, விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் திடலுக்குள் போவது. பற்றாத பெட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி இரவு முழுக்க ஊற விடலாம். பாதியில் நின்ற பெட்டியை எட்டிப் பார்க்கப் போகிறவரைத் தடுக்க ஒரு மதினியை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். ஆண்கள் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

நிகழ்ச்சியை எப்படி அமைப்பது என்பதில் என் கருத்து ஒன்று. பாட்டுக்கு ஏற்ற மாதிரி வெடிக்க வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். கிளிப் பழுத்து, திரி எரிந்து, முதல் ஷாட் கிளம்பச் சில விநாடிகள் ஆகும், அதுவும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு மாதிரி. தாளம் தப்பிய கச்சேரி ஆகிவிடும். அதற்குப் பதில் நிதானமான பெட்டியில் தொடங்கி, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு புகை கலைய விட்டு, கடைசியில் இரண்டை ஒன்றாக விடலாம். நம் கோயில் பொங்கலுக்கு வாணம் விடுகிறவர்கள் அப்படித்தான் விடுவார்கள், ஒன்று விட்டுக் கூட்டத்தை ஏங்க வைத்து அடுத்தது. எட்டு நிமிடம் போதும்.

நேரம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாதாரண நாட்களில் இரவு 11 மணிக்கு மேல் கூடாது, தீபாவளியன்று ஒரு மணி வரை சட்டம் விடுகிறது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டே மணி நேரம்தான், பட்டாசு செய்கிற ஊரைவிட இங்கே தாராளம்! ஆனால் மறுநாள் திங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஏழு மணிக்கு வைத்துக்கொள்வோம். கம்பி மத்தாப்பை ஆறு மணிக்கே கையுறையோடு முடித்துவிட வேண்டும், அதுவும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. சுற்றி உள்ள வீடுகளுக்கு ஒரு வாரம் முன்பே சீட்டு எழுதிப் போடுவோம். நாய், குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற நாட்டுச் சொந்தங்களுக்கு: இதை அப்படியே அங்கே செய்துவிடாதீர்கள். நியூ ஜெர்சியில் மேலே போகும் ரகங்கள் சாமானியருக்குக் கிடையாது. ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவில் 2017 சட்டத்துக்குப் பிறகு உண்டு, ஆனால் கட்டடத்திலிருந்து 150 அடி தள்ளி. சிங்கப்பூரில் 1972இலேயே தடை. சிட்னிச் சித்தப்பா, உங்களுக்கும் இல்லை, ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் ஜூலை 1 அன்றைக்கு மக்கள் கையில் பட்டாசு உண்டு.

இனி வேலை. புல்வெளியின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து, மரம், வேலி, மின்கம்பி எங்கே என்று குறித்து யாராவது அனுப்புங்கள். நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குவதும் இன்சூரன்ஸ் பேசுவதும் என் பொறுப்பு. பலகை, கட்டை, சுத்தியல் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும், மதியம் ஒரு மணிக்கே வந்துவிட வேண்டும், அன்றைக்கு இரவு வரை மது தொடக் கூடாது. பட்டன் அழுத்தும் பொறுப்பை டெர்பி அண்ணாச்சிக்கே கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். ஆட்சேபம் இருந்தால் செப்டம்பர் முடிவதற்குள் எழுதுங்கள்.